பொலோனியாவின் கோப்பைகள் ரோமில் இருக்கின்றன

இத்தாலியின் பொலோனியாவில் மழை பெய்தால் யாரும் குடையைத் தேடி ஓடுவதில்லை. வீடுகளின் மேல்மாடிகள் தெருப்பக்கம் நீண்டிருக்க, தூண்களும் வளைவுகளும் அவற்றைத் தாங்க, அடியில் நனையாத நடைபாதை போய்க்கொண்டே இருக்கிறது. 1088-ல் தொடங்கியதாகச் சொல்லப்படும் பல்கலைக்கழகத்துக்கு மாணவர்கள் வந்து குவியக் குவிய, இடம் போதாமல் வீட்டுக்காரர்கள் மாடியை வெளியே இழுத்துக் கட்டினார்கள். வேறு ஊராக இருந்தால் ஆக்கிரமிப்பு என்று இடித்திருப்பார்கள். பொலோனியா 1288-ல் அதைச் சட்டமாகவே ஆக்கியது. வீடு கட்டினால் வளைவோடு கட்ட வேண்டும். குதிரையில் வருகிறவர் தலை இடிக்காத உயரம் இருக்க வேண்டும். இன்றைக்கு எல்லாவற்றையும் சேர்த்தால் 62 கிலோமீட்டர் வருகிறது.

2025 மே மாத நடுவில் நான் போயிருந்தபோது அந்த வளைவுகளில் பாதிக்கு மேல் சிவப்பும் நீலமும் தொங்கின. மருந்துக்கடை, பாஸ்தா கடை, சவப்பெட்டி விற்கும் கடை என்று எதுவும் விலக்கில்லை. ஒரு துணிக்கடை பொம்மைக்குக் கழுத்தில் ஊர்க் கால்பந்துக் கிளப்பின் மப்ளரைச் சுற்றி, இடுப்புக்குக் கீழே ஒன்றும் போடாமல் விட்டிருந்தார்கள். 14-ம் தேதி இரவு ரோமில் கோப்பா இத்தாலியா இறுதி ஆட்டம், எதிரி மிலான். பொலோனியா கடைசியாக ஒரு பெரிய கோப்பையைத் தூக்கியது 1974-ல். இடையில் இரண்டாம் டிவிஷனுக்கும் மூன்றாம் டிவிஷனுக்கும் இறங்கி, திவாலாகி, திரும்ப ஏறிவந்த கிளப் இது.

சந்தைத் தெருக்களுக்கு நடுவே ஒஸ்தேரியா தெல் சோலே என்று ஒரு மதுக்கடை. 1465-லிருந்து இருக்கிறது. இங்கே ஒயின் மட்டும்தான் விற்பார்கள். சாப்பாட்டை நாம்தான் கொண்டுபோக வேண்டும். பக்கத்துக் கடையில் வாங்கிய மொர்த்தடெல்லாவைக் காகிதத்தோடு நீளமேசையில் பிரித்து வைத்தேன். எதிரே உட்கார்ந்திருந்த முதியவர், கேட்காமலே ஒரு துண்டை எடுத்து ரொட்டியில் வைத்துக்கொண்டார். அதற்கு ஈடாகத் தன் பாலாடைக்கட்டியை என் பக்கம் தள்ளினார். ஆட்டத்துக்குப் போகிறீர்களா என்று கேட்டேன்.

"64-ல் எனக்குப் பதினாறு வயது. ரேடியோவில் கேட்டேன். 74-ல் புதுமாப்பிள்ளை. மாமியார் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. இந்தத் தடவை நேரில் போகிறேன்" என்றார். பிறகு மொர்த்தடெல்லா நல்ல கடையில் வாங்கியதல்ல என்று ஒரு குறையும் சொன்னார்.

அவர் சொன்ன இரண்டு ஆண்டுகளின் ஆட்டங்களையும் பிறகு தேடிப் பார்த்தேன். இரண்டும் ரோமில் நடந்தவை. இரண்டும் ஒரே அரங்கத்தில். சொந்த ஊரில் இவ்வளவு பழைய, இவ்வளவு அழகான அரங்கத்தை வைத்துக்கொண்டு, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய தன் மிகப் பெரிய நாட்கள் சிலவற்றை இந்த ஊர் ரோமில்தான் கொண்டாடியிருக்கிறது. என் பயணத்துக்கு அதுவே தடமாகிவிட்டது.

முதலில் சொந்த அரங்கம். நகரின் தென்மேற்கு வாசலிலிருந்து சான் லூகா குன்றின் உச்சிவரை 666 வளைவுகள் கொண்ட ஒரே தாழ்வாரம் ஏறுகிறது. நீளம் கிட்டத்தட்ட நாலு கிலோமீட்டர். உச்சியில் உள்ள தேவாலயத்து மாதா படத்தை ஒவ்வொரு மே மாதமும், உற்சவர் மலையிறங்கி வருவதுபோல, இந்த வழியாக ஊருக்குள் அழைத்து வருகிறார்கள். 1433-ல் விடாமழை பயிரை அழித்துக்கொண்டிருந்தபோது மாதாவை இறக்கிக் கொண்டுவந்தார்கள், மழை நின்றது, அன்றிலிருந்து வழக்கம் என்பது ஊர் வாக்கு. 2019-ல் கிளப்பின் பயிற்சியாளர் சினிஷா மிஹைலோவிச்சுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்ததும் கால்பந்து ரசிகர்கள் கூட்டமாக இதே படிகளில் வேண்டுதலுக்கு ஏறினார்கள். சிகிச்சைக்கு நடுவிலும் வந்து மைதான ஓரத்தில் நின்றவர் அவர். 2022 டிசம்பரில் இறந்துபோனார். அவர் பெயரெழுதிய துணிகளை அந்த வாரமும் சில தூண்களில் கண்டேன்.

குன்றின் அடிவாரத்தில் தாழ்வாரம் திரும்பும் இடத்துக்கு அருகே செங்கல் வளைவுகளாலேயே கட்டிய அரங்கம். இப்போதைய பெயர் ரெனாத்தோ தல்லாரா. கட்டியபோது பெயர் லித்தோரியாலே. பாசிசக் கட்சியின் சின்னத்திலிருந்து எடுத்தது. 1926 அக்டோபர் 31 அன்று முசோலினி இங்கே வந்து போனார். அன்று மாலையே நகரத்துக்குள் அவர் கார்மீது துப்பாக்கிச் சூடு. சுட்டவன் என்று சொல்லி அந்தேயோ ஸம்போனி என்ற பதினைந்து வயதுப் பையனைக் கூட்டம் அந்த இடத்திலேயே அடித்துக் கொன்றது. சுட்டது அவன்தானா என்பது இன்றுவரை தீராத வழக்கு.

அரங்கத்தின் ஒரு பக்கம் மாரத்தான் கோபுரம் என்று உயரமான ஒரு கட்டடம். அதன் வளைவுக்குள் குதிரைமேல் அமர்ந்த முசோலினியின் வெண்கலச் சிலை நின்றது. போர் முடிந்ததும் அதை இறக்கி உருக்கினார்கள். அந்த வெண்கலத்தில் சிற்பி லூச்சியானோ மிங்குட்ஸி ஓர் ஆணும் பெண்ணுமாக இரண்டு கெரில்லாப் போராளிகளை வார்த்தார். போர்த்தா லாமே வாசலில் இன்றும் நிற்கிறார்கள். நான் பார்த்தபோது அந்தப் பெண்ணின் கையிலும் யாரோ சிவப்பு நீல ரிப்பன் கட்டியிருந்தார்கள். சிலையை அகற்றலாமா கூடாதா என்ற விவாதங்களைப் படிக்கும்போதெல்லாம் இனி இந்தத் தீர்வு எனக்கு நினைவுக்கு வரும்.

அதே கோபுரத்தடியில் ஒரு கல்வெட்டு இருக்கிறது: ஆர்பாத் வைஸ். ஹங்கேரியிலிருந்து வந்த யூதர். 1936, 1937 என்று அடுத்தடுத்து இரண்டு லீக் பட்டங்களைப் பொலோனியாவுக்கு வாங்கித்தந்த பயிற்சியாளர். 1938-ல் இத்தாலி இனச்சட்டம் கொண்டுவந்ததும் வேலை போயிற்று. மனைவி, மகன், மகளோடு பாரிஸ் போய், பிறகு நெதர்லாந்தில் ஒரு சின்ன ஊரின் அணிக்குப் பயிற்சி கொடுத்தார். 1942-ல் கைது. மனைவியும் இரண்டு குழந்தைகளும் அந்த அக்டோபரிலேயே அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்கள். 1944 ஜனவரியில் அவரும் அங்கேயே இறந்தார். அதற்குப் பிறகு அறுபது ஆண்டுகளுக்கு மேல் அவர் பெயரை இத்தாலியக் கால்பந்து ஏறக்குறைய மறந்தே போயிருந்தது. 2007-ல் மத்தேயோ மரானி என்ற பத்திரிகையாளர் அவர் வாழ்க்கையைத் தேடி எழுதிய பிறகுதான் கல்வெட்டுகள் வந்தன. இத்தனைக்கும் இந்தக் கிளப்பே வெளியூர்க்காரர்கள் ஆரம்பித்தது. 1909-ல் ஒரு பீர்க் கடையில் கூடித் தொடங்கியபோது முன்னின்றவர் பொஹீமியாவிலிருந்து வந்த எமிலியோ ஆர்ன்ஸ்டைன். முதல் தலைவர் ஒரு சுவிஸ் பல் மருத்துவர். எதிரி மிலானின் கதையும் அப்படித்தான். 1899-ல் அதைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் ஹெர்பர்ட் கில்பின் என்ற ஆங்கிலேயர்.

ரோம் போகும் ரயிலில் உட்கார்ந்திருந்தவர்களைவிட நின்றவர்கள் அதிகம். அன்று பொலோனியாவிலிருந்து சுமார் முப்பதாயிரம் பேர் தெற்கே போனார்கள். அப்பென்னைன் மலைகளுக்கு அடியில் சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்ததும் பாட்டுச் சத்தம் இரண்டு மடங்காயிற்று. வெளியே வந்ததும் டஸ்கனி வெயிலில் எல்லோரும் ஒரே நேரத்தில் சாப்பிட ஆரம்பித்தார்கள். எனக்கு எதிரே ஒரு பல்கலைக்கழக மாணவி. தாத்தாவின் 1974 காலத்துக் கம்பளி மப்ளரைப் போட்டிருந்தாள். மே மாத வெக்கையில் கழுத்து வியர்த்து வழிந்தும் கழற்றவில்லை.

இந்தக் கோப்பையைப் பற்றி ஒரு வார்த்தை. இத்தாலியில் லீக் பட்டம்தான் பெரிது. கோப்பா இத்தாலியா நெடுங்காலம் இரண்டாம் பிள்ளை. 1922-ல் முதலாவது போட்டியை வென்றது வாதோ என்ற கடலோரச் சிற்றூர் அணி. அதற்குப் பிறகு 1930-களின் நடுப்பகுதிவரை போட்டி ஒழுங்காக நடத்தப்படவே இல்லை. இப்போதுள்ள விதியில் முந்தைய சீசனின் முதல் எட்டு அணிகள் கடைசிப் பதினாறில் நேராக வந்து சேர்ந்துகொள்ளலாம். சின்ன அணிகள் ஆகஸ்டிலிருந்தே மாய வேண்டும். பெரியவர்கள் அரையிறுதிவரை இரண்டாம் வரிசை ஆட்களை இறக்கிச் சமாளிப்பார்கள். பிறகுதான் விழித்துக்கொள்வார்கள். பணமும் ஆட்களும் உள்ள கிளப்புகளுக்குச் சாதகமான ஏற்பாடு என்று முணுமுணுப்பு உண்டு. முணுமுணுப்பு நியாயமானது என்பதே என் எண்ணம், இந்தத் தடவை பொலோனியாவும் அந்த எட்டில் ஒன்றாக இருந்து பலனடைந்திருந்தாலும். மோன்சாவை 4-0, அத்தலாந்தாவை அவர்கள் ஊரிலேயே 1-0, அரையிறுதியில் எம்போலியை இரண்டு ஆட்டங்களில் 5-1 என்று வென்று வந்திருந்தார்கள். மிலானோ அரையிறுதியில் ஊர்ப் பகையாளி இன்டரை 4-1 கணக்கில் வெளியேற்றியிருந்தது. அதற்கும் மேலாக, இறுதி ஆட்டத்துக்கு ஐந்து நாள் முன்புதான் லீக்கில் இதே பொலோனியாவை 3-1 என்று அடித்திருந்தது.

ரோமில் டைபர் ஆற்றின் மேல்கரையோடு, பிளேன் மரங்களின் நிழலில், இரண்டு ஊர்க் கூட்டமும் தனித்தனிப் பாதைகளில் வடக்கே நகர்ந்தது. கான்ஸ்டன்டைன் 312-ல் தன் எதிரி மக்சென்தியுஸை வீழ்த்திய மில்வியோ பாலம் அங்கிருந்து கூப்பிடு தூரம். இப்போது பாலத்து முனையில் பன்றி வறுவலை ரொட்டிக்குள் வைத்து விற்கும் வண்டிகள்; இரண்டு அணியின் நிறத்தையும் பாதிப் பாதியாகப் போட்ட மப்ளர்கள். அந்தப் பாதி மப்ளரை உள்ளூர் ரசிகன் எவனும் தொடமாட்டான். என்னைப் போன்ற ஆட்களுக்காகத்தான் அது.

ஒலிம்பிகோ அரங்கத்துக்கு முன்னால் நிற்கிறது வெள்ளைப் பளிங்குத் தூண். கர்ராரா மலையிலிருந்து ஒரே கல்லாக வெட்டிக் கொண்டுவந்து 1932-ல் நட்டது. பக்கவாட்டில் மேலிருந்து கீழாக முசோலினியின் பெயரும் பட்டமும், பெரிய எழுத்துகளில். யாரும் செதுக்கி எடுக்கவில்லை. அதைத் தாண்டி அரங்கத்தை நோக்கிப் போகும் அகன்ற நடைபாதை முழுக்கக் கறுப்பு வெள்ளைச் சில்லுகளில் பதித்த மொசைக்: மல்யுத்த வீரர்கள், கழுகுகள், படகுகள், நடுநடுவே 'தூச்சே', 'தூச்சே' என்று திரும்பத் திரும்பத் தலைவனின் பட்டம். குனிந்து பார்த்தேன். சில்லுகள் பல இடங்களில் பெயர்ந்து, பள்ளங்களில் சிமெண்டு பூசியிருக்கிறது. ஒரு எழுத்தின் வயிற்றில் சூயிங்கம் காய்ந்து ஒட்டியிருந்தது. பொலோனியாக்காரர்கள் அந்த எழுத்துகள்மேல் குதித்துக் குதித்துப் பாடிக்கொண்டு போனார்கள். எத்தனை பேர் குனிந்து படித்தார்கள் தெரியாது. ஒரு ஊர் உருக்கி எடுத்ததை இன்னொரு ஊர் காலடியில் விட்டுவைத்திருக்கிறது. ரோமுக்கு இடிபாடுகளோடு வாழ்ந்து பழக்கம், அதனால் எதையும் தூக்கி எறிய மனம் வராது என்பார்கள். எனக்கு அந்தச் சமாதானம் போதவில்லை. அது வரலாற்று உணர்வென்பதைவிடச் சோம்பல் என்றே தோன்றியது.

இந்த அரங்கம் திறந்தது 1953-ல். 1960 ஒலிம்பிக் தடகளம் இங்கேதான் நடந்தது. மில்கா சிங் 400 மீட்டரில் நூலிழையில் பதக்கத்தைத் தவறவிட்டு நாலாவதாக வந்தது இந்த ஓட்டப்பாதையில். அந்தப் பாதை இன்னமும் மைதானத்தைச் சுற்றி ஓடுவதால் ஆட்டக்காரர்கள் நமக்குக் கொஞ்சம் எட்டத்தில்தான் தெரிவார்கள்.

நான்கு ஆண்டு கழித்து, 1964 ஜூன் 7 அன்று, இதே புல்லில் பொலோனியாவும் இன்டரும் மோதின. லீக்கில் இருவரும் 54 புள்ளி. தனி ஆட்டம் வைத்துப் பட்டத்தை முடிவுசெய்தது சீரி ஏ வரலாற்றிலேயே அந்த ஒரு தடவைதான். அதற்கு முன் நடந்ததெல்லாம் துப்பறியும் கதை. வசந்தத்தில் பொலோனியா ஆட்டக்காரர்கள் ஐந்து பேர் ஊக்கமருந்து எடுத்ததாகக் குற்றச்சாட்டு, புள்ளிகள் பிடுங்கப்பட்டன, மறு பரிசோதனையில் குற்றம் நிலைக்காமல் புள்ளிகள் திரும்பின. இறுதிக்கு நான்கு நாள் முன்பு கிளப்பின் தலைவர் ரெனாத்தோ தல்லாரா, மிலான் நகரில் இன்டர் தலைவரோடு இந்த ஆட்டம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோதே மாரடைப்பில் இறந்தார். அப்போது இன்டர் ஐரோப்பியக் கோப்பையை வென்று இரண்டு வாரம்கூட ஆகவில்லை. பொலோனியா 2-0. பயிற்சியாளர் பெர்னார்தினி ரோமில் பிறந்தவர். அரங்கத்துக்குத் தல்லாராவின் பெயரைப் பிறகு வைத்தார்கள்.

1974 அவ்வளவு மகிமையானதல்ல. எதிரி பலேர்மோ, இரண்டாம் டிவிஷன் அணி. ஆட்டம் முடியப்போகிற நேரத்தில், சிசிலிக்காரர்கள் இன்றும் ஒப்புக்கொள்ளாத ஒரு பெனால்டியை வைத்து சவோல்தி சமன்செய்தார். பிறகு பெனால்டி உதையில் பொலோனியாவுக்குக் கோப்பை. முதியவர் மாமியார் வீட்டில் அதிகம் இழந்துவிடவில்லை என்றே சொல்வேன்.

இந்த முறை வாசலில், சீட்டில் அச்சிட்ட பெயரையும் அடையாள அட்டையையும் ஒப்பிட்டுப் பார்த்து உள்ளே விட்டார்கள். படிக்கட்டில் ஒருவர் கழுத்தில் தொங்கவிட்ட பெட்டியில் கட்டைவிரல் உயர பிளாஸ்டிக் குப்பிகளில் காப்பி மதுவை வைத்துக் கூவி விற்றார். இத்தாலிய அரங்கங்களின் பழைய வழக்கம் இது. ஒரே மடக்கு, தொண்டையில் சர்க்கரையும் சூடும். ஒன்பது மணி ஆட்டத்துக்கு மே மாத இரவின் குளிரை அது கொஞ்சம் விரட்டியது. அதே வளாகத்தில் அந்த வாரம் ரோம் டென்னிஸ் போட்டியும் நடந்துகொண்டிருந்தது. டென்னிஸ் பார்க்கப் பனாமா தொப்பியோடு வந்தவர்களும் புகைக்குச்சி ஏந்தியவர்களும் ஒரே நடைபாதையில் ஒருவரையொருவர் பார்க்காததுபோல் கடந்தார்கள்.

மிலானுக்கு அது கசந்த சீசன். டிசம்பர் முடிவில் பயிற்சியாளரை மாற்றி, புதிதாக வந்த செர்ஜியோ கொன்செய்சாவ் ஒரே வாரத்தில் ரியாத்தில் சூப்பர் கோப்பையை வென்று தந்தும், லீக்கில் அணி எழவில்லை. இந்தக் கோப்பையை அவர்கள் கடைசியாக வென்றது 2003-ல். பொலோனியாவின் பயிற்சியாளர் வின்சென்சோ இத்தாலியானோவின் கணக்கு இன்னும் மோசம். ஜெர்மனியில், சிசிலிப் பெற்றோருக்குப் பிறந்தவர். பியோரெந்தினா அணியை மூன்று இறுதி ஆட்டங்களுக்குக் கூட்டிப்போய் மூன்றிலும் தோற்றவர்: 2023-ல் இதே அரங்கத்தில் இன்டரிடம், இரண்டே வாரத்தில் வெஸ்ட் ஹாமிடம் 90-வது நிமிடத்தில், அடுத்த ஆண்டு ஒலிம்பியாகோஸிடம் கூடுதல் நேரத்தின் கடைசியில். துரதிர்ஷ்டக்காரர் என்ற பெயர் ஒருமுறை ஒட்டினால் இத்தாலியில் லேசில் போகாது. என் வரிசையில் ஒருவர் அவர் பெயரை அறிவித்தபோது கால்சட்டைப் பையிலிருந்த சாவியைத் தொட்டுக்கொண்டார். இரும்பைத் தொட்டால் கண்ணேறு கழியும் என்பது அவர்கள் நம்பிக்கை.

தொடக்கத்தில் மிலானுக்குத்தான் வாய்ப்பு. தன் சகா காலில் பட்டுத் தன் வலைக்கே திரும்பிய பந்தையும், உடனே தொடர்ந்து மிலானின் யோவிச் அடித்ததையும் பொலோனியா கோல்கீப்பர் ஸ்கோருப்ஸ்கி அடுத்தடுத்துத் தடுத்தார். அது உள்ளே போயிருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி இருந்திருக்கும். பிறகு பொலோனியா மிலானை மூச்சுவிட விடவில்லை. ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொண்டு, பந்தை எடுத்த இடத்திலேயே நெருக்கினார்கள். அழகான ஆட்டம் என்று சொல்லமாட்டேன். விடாப்பிடியான ஆட்டம்.

53-வது நிமிடம். பொலோனியாவின் ஓர்சோலினி பெட்டிக்குள் நுழைய, மிலானின் தியோ எர்னாண்டெஸ் சறுக்கி விழுந்து பந்தைத் தட்டினார். அது உருண்டு டான் என்தோயிடம் போயிற்று. பொலோனியாக்காரர்கள் பெனால்டி கேட்டுக் கை தூக்கியிருந்தார்கள். பாதிக் கை மேலே இருக்கும்போதே பந்து வலைக்குள் இருந்தது. தூக்கிய கைகள் அப்படியே கொண்டாட்டமாக மாறின. என் பக்கத்து இருக்கைக்காரர் என்னைத் தூக்கி இறக்கிவிட்டு, பிறகுதான் நான் யாரென்று பார்த்தார்.

அதற்குப் பிந்தைய நாற்பது நிமிடமும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மிலான் புது ஆட்களை இறக்கியது, பந்தை வைத்திருந்தது, ஆனால் கோலுக்கு வழி தெரியவில்லை. விசில் ஊதியதும் பொலோனியா முனை முழுக்க, ஐம்பதைத் தாண்டியவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள், இளையவர்கள் குதித்தார்கள். கோப்பையைத் தூக்கியவர் தலைவர் லூயிஸ் பெர்குசன், ஸ்காட்லாந்துக்காரர். மிலான் ரசிகர்கள் அதற்குள் படிகளைப் பாதி காலிசெய்திருந்தார்கள்.

விடியும் நேரத்தில் பொலோனியாவின் மஜ்ஜோரே சதுக்கத்தில் நெப்டியூன் நீரூற்றைச் சுற்றிக் காலி பாட்டில்கள். சான் பெத்ரோனியோ தேவாலயத்தின் முகப்பு கீழ்ப்பாதி பளிங்கும் மேல்பாதி வெறும் செங்கலுமாக நின்றது. 1390-ல் தொடங்கி இன்னும் முடிக்காத வேலை. அதன் படிகளில் கொடியைப் போர்த்திக்கொண்டு ஒரு குடும்பமே தூங்கியது. பத்திரிகைக் கடைக்காரர் கட்டைப் பிரிப்பதற்குள்ளாகவே வரிசை மூலைதாண்டிப் போயிருந்தது. ஆளுக்கு இரண்டு, மூன்று என்று வாங்கினார்கள்.

அடுத்த ஞாயிறு பிளாரன்ஸில் பொலோனியா 3-2 தோற்றது. கடைசி ஆட்டத்தில் ஜெனோவாவிடமும் தோற்றது. ஊரில் யாரும் பொருட்படுத்தவில்லை. சீசன் முடிவில் மிலான் எட்டாவது, ஒரு புள்ளி பின்னால் பொலோனியா ஒன்பதாவது. ஆனாலும் கோப்பையை வென்றதால் ஐரோப்பா லீகுக்குப் போனது ஒன்பதாவது அணி. எட்டாவது அணிக்கு ஐரோப்பியப் போட்டியே இல்லை. கோப்பையை வென்றவர்கள் மறு சீசன் முழுக்கச் சட்டையில் பச்சை, வெள்ளை, சிவப்பு வட்டம் குத்திக்கொள்ளலாம். அந்த வட்டத்தோடு ஆடக் கோல் அடித்தவர் இல்லை: கோடையிலேயே என்தோய் நாட்டிங்ஹாமுக்கும், தடுப்பாட்டக்காரர் பேக்கெமா நாப்போலிக்கும் விற்கப்பட்டார்கள். முந்தைய ஆண்டு அணியைச் சாம்பியன்ஸ் லீகுக்கு ஏற்றிவிட்ட பயிற்சியாளர் மோத்தாவும், ஆட்டக்காரர்கள் ஸிர்க்ஸேயும், கலாஃபியோரியும் போனதும் இப்படித்தான். இத்தாலியானோ மட்டும் 2027 வரை ஒப்பந்தத்தை நீட்டிக்கொண்டு இருந்துவிட்டார்.